பொன்னை நம்பிய மலையும் பனிச்சங்கேணி மண்ணும்

மண்ணுக்குள் பொருள் இருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால், அந்த மண்ணின்மேல் வாழ்பவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி எது? "எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்பவர்களே பெரும்பாலார். "எங்கள் பிள்ளைகளுக்கு வேலை தருவீர்களா?" என்று கேட்பவர்கள் அடுத்தவர்கள். "நீங்கள் போன பிறகு இங்கே என்ன மிஞ்சியிருக்கும்?" என்று கேட்பவர்களோ மிகச் சிலர். பனிச்சங்கேணி மக்கள் இந்த மூன்றாவது கேள்வியையே தங்கள் முதற் கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது கருத்து.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோர வீதியிற் பயணஞ் செய்தவர்கள் இவ்வூரை அறிவார்கள். களப்பின்மேல் அமைந்த பாலத்தைக் கடந்தால் வாகரை, அதற்கப்பால் கதிரவெளி, பின்னர் வெருகல். களப்பிலே இறாலும் நண்டும். மேட்டு நிலத்திலே கச்சானும் சோளமும். மாரி மழையை எதிர்பார்த்துச் செய்யும் வேளாண்மை. இவையே இம்மக்களின் செல்வம். கரையோர வேடர் என்று அழைக்கப்படும் பழங்குடியினரும் இப்பகுதியிலேதான் தமிழ் பேசி, வலை வீசி, நிலங்கொத்தி வாழ்ந்து வருகிறார்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இக்கரையை அடித்துச் சென்றது. 2006, 2007ஆம் ஆண்டுகளிற் போர் இம்மக்களை ஊரைவிட்டே துரத்தியது. இரண்டையுந் தாங்கி மீண்டும் வந்து குடிசை போட்டு, வேலி கட்டியவர்கள் இவர்கள்.

இப்பொழுது இக்கரையின் மணலுக்கு விலை பேசப்படுகிறது. இல்மனைற்று என்னும் கனிமம் கலந்த மணலை அகழ்ந்தெடுக்கும் முயற்சிக்கு எதிராக வாகரை, கதிரவெளிப் பகுதி மக்கள் அண்மைய ஆண்டுகளிற் குரல் எழுப்பி வந்திருக்கிறார்கள். அவர்களை நோக்கி, "அபிவிருத்திக்குத் தடை போடுகிறீர்களே!" என்று சிலர் கேட்கிறார்கள். அக்கேள்விக்கு விடை காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கடல் கடந்து நீலகிரி மலைக்குப் போனாற் போதும். அங்கே தேவாலை, பந்தலூர் என்று இரண்டு ஊர்கள் உண்டு. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்களிலே பொன் தேடி நடந்த ஆரவாரமும், அது அடங்கிய விதமும், இன்றைக்கும் நமக்குப் பாடமாக நிற்கின்றன.

பொன் தேடிய மலை

தேவாலையும் பந்தலூரும் தென்கிழக்கு வயநாட்டைச் சேர்ந்தவை. 1877ஆம் ஆண்டிலே மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட பகுதி அது. இன்று தமிழ்நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது. அம்மலைகளின் வயிற்றிலே வெண்படிகப் பாறை, அதாவது குவார்ட்சு, நாளம் நாளமாக ஓடுகிறது. அந்த நாளங்களிலே பொன்துகள் உண்டு என்பதைப் பணியரும் குறும்பரும் பல தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். ஓடைமணலை மரத்தட்டிலிட்டு அரித்து, கண்ணுக்குத் தெரியும் அளவு பொன்னை எடுத்து வாழ்ந்தார்கள். பெருஞ்செல்வம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனினும் அவர்கள் மலையைக் கெடுக்கவும் இல்லை.

1830களிலேயே கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரிகள் இப்பொன்னை ஆராய்ந்து பார்த்து, பெருமுயற்சிக்குத் தகுந்ததன்று என்று விட்டுவிட்டார்கள். ஆனால் 1870களில் நிலைமை மாறிற்று. அதற்குக் காரணம் பொன் அன்று, கோப்பி. 1869ஆம் ஆண்டிலே நமது இலங்கை மலைநாட்டிற் கோப்பிச் செடியைத் தாக்கிய இலைநோய் தென்னிந்திய மலைகளையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு முன்பே தண்டு துளைக்கும் வண்டு வயநாட்டுத் தோட்டங்களை அரித்துக்கொண்டிருந்தது. தோட்டத்துரைமார் கடனில் மூழ்கினார்கள். விலைபோகாத தோட்டத்தை விலைபோகச் செய்வதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. தோட்டத்தின் கீழே பொன் இருக்கிறது என்ற செய்தியைவிடச் சிறந்த வழி வேறென்ன?

1874இலே ஆல்பா என்னும் கம்பனி தோன்றியது. 1875இலே இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் என்பவர் வந்து ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1879இலே அவுஸ்திரேலியாவின் விக்ரோரியாச் சுரங்கங்களை மேற்பார்த்து அனுபவம் பெற்றிருந்த புரோ சிமித் என்பவரை அரசாங்கம் அழைத்தது. 1880இலே அவருடைய அறிக்கை வெளிவந்தது. நாளங்கள் பல என்றும், பொன் உண்டு என்றும் நம்பிக்கையூட்டும் வகையில் அவ்வறிக்கை பேசியது. அவ்வளவுதான்! லண்டன் பங்குச் சந்தையிலே தீப்பற்றிக்கொண்டது. ஓரிரு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நாற்பது கம்பனிகள் பதியப்பட்டன. அவை காகிதத்திற் காட்டிய மூலதனம் நாற்பது இலட்சம் பவுணுக்கு மேல். நோயுற்ற கோப்பித் தோட்டங்கள் பொன்நிலம் என்ற பெயரில் நினைக்கமுடியாத விலைக்குக் கைமாறின. காடாக இருந்த பந்தலூரிலே தபாற் கந்தோர், தந்தி நிலையம், கடைகள், பங்களாக்கள் எல்லாம் எழுந்தன. பாறையை இடிக்கும் இரும்பு உலக்கைகளும் நீராவி இயந்திரங்களும் மலைப்பாதை வழியே இழுத்து வரப்பட்டன.

1882ஆம் ஆண்டு முடிவதற்குள் முதற் பாறைகள் இடிக்கப்பட்டு, கணக்குப் பார்க்கப்பட்டது. ஒரு தொன் பாறைக்குக் கிடைத்த பொன், அதை இடித்த கூலிக்கே போதவில்லை. பங்குகள் சரிந்தன. கம்பனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இயந்திரங்களைத் திரும்பக் கொண்டுபோகும் செலவு அவற்றின் விலையைவிட அதிகமாக இருந்தமையால் அவை காட்டிலேயே கிடந்து துருப்பிடித்தன. 1901ஆம் ஆண்டு வாக்கிலே ஹேடன், ஹட்ச் என்னும் இரு நிபுணர்கள் மீண்டும் அந்நாளங்களை முறையாக மாதிரி எடுத்துச் சோதித்து, இலாபத்துடன் அகழத்தக்க பொன் அங்கே இல்லை என்று முடிவு கூறினார்கள். இச்சோதனை இருபது ஆண்டுகளுக்கு முன்னரே செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குச் சோதனை எவருக்கும் வேண்டியிருக்கவில்லை!

பாறையின் கணக்கும் பத்திரத்தின் கணக்கும்

இம்முயற்சி ஏன் தோற்றது என்பதை நமது கமக்காரர்களுக்கு விளக்குவது கடினமன்று. ஒரு தொன் என்பது பத்து இலட்சம் கிராம். ஒரு தொன் பாறையில் ஐந்து கிராம் பொன் இருந்தால், நல்ல சுரங்கம் என்றே அதனைச் சொல்லலாம். அதாவது, பத்து இலட்சம் பங்கில் ஐந்து பங்கு! அந்த ஐந்து பங்கைப் பெறுவதற்கு மீதி முழுவதையும் வெட்டி, தூக்கி, மாவாக இடித்து, கழுவிக் கொட்டவேண்டும். அக்காலத்திலே இடித்த மாவிலிருந்து பொன்னைப் பிரிக்கப் பெரும்பாலும் பாதரசமே துணை. சயனைட்டு முறை 1887இலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே பாறையில் இருந்த பொன்னிலும் ஒரு பகுதி கழிவோடு கழிவாக ஓடியது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. மழையும் காற்றும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையைக் கரைக்கும்பொழுது, கரையாத பொன் மேற்பரப்பிலே தங்கிச் செறிகிறது. ஆகவே நாளத்தின் தலையிலிருந்து எடுக்கும் மாதிரி, உள்ளே இருப்பதைவிட வளமாகத் தோன்றும். களத்திலே தூற்றிய நெற்பொலியின் மேலே கிடக்கும் ஒரு பிடியைக் காட்டி, முழு வட்டைக்கும் விளைச்சல் பேசுவது போன்றது அது. நமது போடியார் ஒருவர் இந்த வியாபாரத்துக்கு உடன்படுவாரா? அவர் வயலுக்குள் இறங்கி, நாலு மூலையிலும் கதிரைக் கசக்கிப் பார்த்த பின்பே விலை பேசுவார். லண்டனிலே படித்த கனவான்கள் அதனைச் செய்யவில்லை.

செய்யாமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. பாறையிலிருந்து பொன் எடுப்பதற்கு ஆண்டுகள் செல்லும். பங்குப் பத்திரத்தை விற்பதற்கு ஒரு வாரம் போதும். நிலத்தை விற்ற தோட்டக்காரரும், கம்பனியைத் தொடங்கிப் பங்கை உயர்ந்த விலையில் விற்று விலகிக்கொண்ட தரகரும் இலாபம் பெற்றார்கள். அவர்களுக்குப் பொன் கிடைத்துவிட்டது. அது மலையிலிருந்து வரவில்லை. பங்கு வாங்கிய ஏமாளிகளின் பையிலிருந்து வந்தது.

இது பழங்காலத்துக் கதை என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். 1990களிலே பிறி-எக்ஸ் என்னும் கனடா நாட்டுக் கம்பனி, இந்தோனேசியாவின் போர்ணியோத் தீவிலே புசாங் என்னும் இடத்தில் உலகப் பெரும் பொன்வயலைக் கண்டதாகக் கூறியது. துளையிட்டு எடுத்த கல்மாதிரிகளிலே பொன்துகளை வெளியிலிருந்து கலந்து வைத்திருந்தார்கள் என்பது 1997இலே வெளிப்பட்டது. அதற்குள் அக்கம்பனியின் பங்குகளுக்குக் கோடிக்கணக்கான டொலர் கொட்டிக் கொடுக்கப்பட்டுவிட்டது. நூறு ஆண்டுகளில் இயந்திரம் மாறியது, வித்தை மாறவில்லை.

கோலாரைக் காட்டுவோருக்கு

"கோலாரிலே பொன் கிடைத்ததே!" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. மைசூர் இராச்சியத்துக் கோலாரிலும் இதே 1880ஆம் ஆண்டளவிலேதான் லண்டன் மூலதனம் இறங்கியது. அங்கேயும் பணமெல்லாம் கரைந்து, கம்பனியைக் கலைத்துவிடலாம் என்று பங்காளிகள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், எஞ்சிய சிறு தொகையைக்கொண்டு ஆழத்திலே தேடியபொழுது வளமான பெருநாளம் அகப்பட்டது. அதன் பின் நூற்றிருபது ஆண்டுகளாக, நிலத்துக்குக் கீழே மூன்று கிலோமீற்றருக்கு மேல் இறங்கி, எண்ணூறு தொன் அளவிலே பொன் எடுத்தார்கள். இறங்கியவர்களிற் பெரும்பாலார் வட ஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள்.

ஆனால் கோலாரின் முடிவையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 2001ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பொன் போயிற்று, சயனைட்டுக் கழிவு மேடுகள் மலைபோல் நிற்கின்றன. கோடையிலே காற்றடித்தால் அத்தூசி வீடுகளுக்குள் நுழைகிறது. பாறைத்தூசியைச் சுவாசித்து நெஞ்சு நோயுற்றவர்களின் பிள்ளைகள், வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுகிறார்கள். வெற்றி பெற்ற சுரங்கத்தின் கதியே இதுவானால், தோல்வியுற்ற சுரங்கத்தின் ஊர் எவ்வாறிருக்கும்?

தங்கியவர்கள் யார்?

தேவாலையிலும் பந்தலூரிலும் பொன் கைவிடப்பட்டது. அந்நிலத்திலே மனிதர்கள் வாழ்வது நின்றுவிடவில்லை. பணியரும் குறும்பரும் அங்கேயே இருந்தார்கள். பொன் போன இடத்திலே பின்னர் தேயிலை வந்தது. அத்தேயிலையோடு நமது இரத்தமும் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். 1964ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இலே தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கண்டியிலும் பதுளையிலும் பிறந்தவர்கள் கூடலூரிலும் பந்தலூரிலும் கொழுந்து பறிக்கலானார்கள்.

அவர்கள் குடியேறிய மண்ணின் உரிமை இன்னும் தெளிவாகவில்லை. அப்பகுதி நிலம் நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம நிலமாக இருந்தது. 1969இலே கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் அந்த உரிமையை ஒழித்தது. ஆனால் யாருக்குப் பட்டா, எது காடு, எது தோட்டம் என்ற வழக்குகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக நீண்டன. 1880இலே காகிதத்தில் மட்டும் நிலத்தை அறிந்த லண்டன்காரனுக்கு உறுதி கிடைத்தது. அந்நிலத்தில் உழைத்து வாழ்பவனுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைப்பது பெரும்பாடாயிற்று! பழைய சுரங்கக் கிடங்குகளிலே திருட்டுத்தனமாக இறங்கிப் பொன்மண் தோண்டும் ஏழைகள், மண் சரிந்தும் மூச்சடைத்தும் இறந்த செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்திருக்கின்றன. மூடாமல் விட்டுப்போன குழி தலைமுறைகள் கடந்தும் உயிர் வாங்குகிறது.

நமது கரையிற் செய்யவேண்டியது

பந்தலூரின் பாறையும் வாகரையின் மணலும் ஒன்றல்ல என்பதை நாம் மறுக்கவில்லை. கீழ்க்கரை மணலிலே கனிமம் இருப்பது உண்மை. புல்மோட்டையிலே 1957ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அரசாங்கக் கூட்டுத்தாபனம் இல்மனைற்று, உருத்தைல், சேர்க்கன் ஆகியவற்றை எடுத்து வந்திருக்கிறது. எனினும் கனிமம் ஓரிடத்தில் உண்டு என்பது வேறு. அதனை எடுப்பதால் அவ்விடத்து மக்களுக்கு நன்மை உண்டு என்பது வேறு. வெருகலுக்கு அப்பால் சேருவிலைப் பகுதியில் 1971இலே செம்பும் இரும்பும் கலந்த கனிமப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடிப்பு நிகழ்ந்த மாத்திரத்தில் அவ்வூரவர் எவரும் செல்வந்தராகிவிடவில்லை.

நமது நாட்டுச் சட்டப்படி நிலத்தடிக் கனிமம் அரசுக்குரியது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தெளிவாக வைத்திருக்கிறது. அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். ஆகவே, "எங்கள் மண், எவருந் தொடக்கூடாது" என்ற ஒரு சொல்லோடு நாம் நின்றுவிட்டால் வழக்கு நிலைக்காது. சட்டத்துக்குள் நின்று, நாம் கேட்கவேண்டியவை நான்கு.

முதலாவது, காணி. வாகரைப் பகுதியிற் பலருக்கு உறுதி இல்லை. சிலரிடம் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம் உண்டு. சிலரிடம் அதுவும் இல்லை. இடப்பெயர்விலே தொலைந்து போயிற்று. காணிக் கச்சேரி நடத்தி இப்பத்திரங்களைத் தீர்த்துக் கொடுக்கும் வரையில், எவருக்கும் அகழும் அனுமதி கொடுக்கலாகாது. பத்திரமில்லாதவனுக்கு நட்டஈடும் இல்லை, பேரம்பேசும் வலுவும் இல்லை.

இரண்டாவது, அளவு. எத்தனை ஏக்கர், எத்தனை அடி ஆழம், எத்தனை தொன், எத்தனை ஆண்டு என்பவை ஊர்க்கூட்டத்திலே தமிழில் வாசிக்கப்பட வேண்டும். மேற்பரப்பிலே எடுத்த ஒரு பிடி மணலின் கணக்கு நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, நீர். கரையோர மணல்மேடு வெறும் மணலன்று. கடலுப்பைத் தடுத்து மழைநீரைத் தேக்கிவைக்கும் பாத்திரம் அது. அந்தப் பாத்திரத்தை உடைத்தால் கிணறு உவர்க்கும்; கிணறு உவர்த்தால் கச்சான் தோட்டம் கருகும். களப்பின் கலங்கல் கூடினால் இறாற் குஞ்சு எங்கே வளரும்? இவற்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுத்திற் பதில் சொல்லவேண்டும்.

நான்காவது, மூடுஞ் செலவு. இதுவே நாம் தொடக்கத்திற் கூறிய கேள்வியின் உயிர். நிலத்தை மீண்டும் நிரப்பி, சமன்செய்து, மரம் நட்டு ஒப்படைப்பதற்கு ஆகும் முழுத் தொகையையும், முதல் மண்வெட்டி விழுமுன்னரே கம்பனி அரசாங்கத்திடம் கட்டிவைக்க வேண்டும். அத்தொகை எவ்வளவு என்பது பிரதேச செயலகத்தின் அறிவித்தற் பலகையிலே எழுதப்பட வேண்டும். 1880இலே வயநாட்டுக் கம்பனிகளிடம் இந்த ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தால், நாற்பதில் எத்தனை கப்பலேறியிருக்கும்? உண்மையாகவே பொருள் எடுக்க வருபவர் இத்தொகையைச் செலவுக் கணக்கிலே சேர்த்துக்கொள்வார். பத்திரம் விற்க வருபவரோ திரும்பிப் பாராமல் ஓடிவிடுவார்.

படித்தவர்களின் கடமை

இந்நான்கையும் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. சுற்றாடல் தாக்க அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு 30 நாள் வைக்கப்பட வேண்டும். அதற்குள் எவரும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரங்களின் பிரதியைக் கோரலாம். ஆனால் தொழில்நுட்பச் சொற்கள் நிறைந்த நூற்றுக்கணக்கான பக்கங்களை முப்பது நாளிற் படித்து மறுப்பெழுத, களப்பிலே வலை இழுப்பவருக்கும் மழைக்கு முன் நிலம் உழுபவருக்கும் நேரம் ஏது?

இங்கேதான் நமது சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் நில அளவையாளரும் ஆசிரியர்களும் முன்வரவேண்டும். கிழக்கு மண்ணிலே பிறந்து, இலவசக் கல்வியாற் படித்து, கொழும்பிலும் கடல் கடந்தும் உத்தியோகம் பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வருடத்திற் சில நாள்களை ஒதுக்கி, அறிக்கையை வாசித்து, எளிய தமிழில் எழுதி, கிணற்று நீரைச் சோதித்துக் கணக்கை ஊராரிடம் கொடுக்கலாகாதா? அகழ்வு தொடங்குமுன் இன்றைக்குக் கிணற்றின் உவர்ப்பு எவ்வளவு என்று எழுதி வைத்தாற்றான், நாளை அது கூடியது என்று நீதிமன்றத்திலே நிறுவ முடியும். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை; ஒரு குறிப்புப் புத்தகமும் தவறாத ஒழுங்கும் போதும்.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு சொல். முற்பணம் என்று நீட்டப்படும் காசுக்கு, வாசித்தறியாத பத்திரத்திலே கையொப்பம் இடவேண்டாம். தனித்தனியே பேரம் பேசவேண்டாம். வேலியால் பிரிந்த காணிகள் நீரால் ஒன்றானவை. ஒருவர் காணியிலே தோண்டும் குழி மற்றவர் கிணற்றையும் வற்றச் செய்யும். ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கமும் மீனவர் சங்கமும் கமக்கார அமைப்பும் ஒரே மேசையில் இருந்து, ஒரே கடிதத்திலே கையொப்பமிட்டு, இந்நான்கு நிபந்தனைகளையும் பிரதேச செயலாளரிடம் இன்றே கொடுத்துவிட வேண்டும். அனுமதி வழங்கப்பட்ட பின் செய்யும் ஊர்வலத்தைவிட, வழங்குமுன் கொடுக்கும் கடிதத்துக்கு வலு அதிகம்.

பந்தலூர் மலையிலே பொன் தேடியவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்தார்கள், போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற குழிகளோடு அம்மலை மக்கள் நூற்று நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். பனிச்சங்கேணிக் களப்பின் கரையிலே அந்தக் கணக்கு மறுபடியும் எழுதப்பட இடங்கொடுக்கலாகாது. தோண்ட வருபவர், மூடும் பணத்தை முதலில் மேசைமேல் வைக்கட்டும். மற்றவற்றை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.